ஒவ்வொரு ஐந்தாவது கேள்வியும்

வெஸ்ட் வின்ட்சர், நியூ ஜெர்சி
பிப்ரவரி 10, 2025

விசாலாக்ஷிக்கு,

க்ஷேமம் விசாரித்து எழுதும் கடிதம் இல்லை இது. உன் வீட்டில் எல்லாரும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள்.

இந்தக் காலத்தில் தபாலில் கடிதமா என்று சிரிப்பாய். போனில் பேசினால் நான் கத்திவிடுவேன். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், உன் போன் எப்போதும் சமையலறை மேடையில் திறந்து கிடக்கும், முகுந்த் பார்ப்பான். இங்கே உன் மன்னி சாரதா என் போனைப் பார்ப்பாள். அவளைப் பொறுத்தவரை பையனுக்குத் தோளில் அடி. அது அப்படியே இருக்கட்டும். அதனால் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறி, மடியில் ஆபீஸ் பையை வைத்து, அதன்மேல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நேராகவே கேட்கிறேன். யாரிடம் சொன்னாய்?

என் பிள்ளை முகுந்துக்கு இருபத்தாறு வயது. ஐந்து சீசனாக உங்கள் ஆலனில், உன் வீட்டு மாடி அறையில் தங்கி, ஐஸ் ஹாக்கியின் கீழ்ப்படி லீகில் ஃபார்வர்டாக ஆடுகிறான். கோல் போடுவதுதான் அவன் வேலை. இந்த சீசனில் ஜனவரிக்குள் இருபத்துநாலு கோல். போன வாரம் மூன்றாம் தேதி பே ஏரியா அணியிலிருந்து அழைப்பு வந்தது. அது நடுப்படி. அங்கிருந்து உச்சிக்கு ஒரே படிதான். அவன் ஐந்து வயதில் ஸ்கேட் கட்டிய நாளிலிருந்து நான் காத்திருந்த அழைப்பு.

நான்காம் தேதி போய் இறங்கினான். மருத்துவப் பரிசோதனை நல்லபடியாக முடிந்தது என்று மத்தியானம் மெசேஜ் அனுப்பினான். சாயங்காலம் அந்த ஊரிலேயே இருக்கும் உன் மகள் ரக்ஷா சாப்பாட்டு டப்பாவோடு அவனைப் போய்ப் பார்த்திருக்கிறாள். மறுநாள் காலை அணியின் மூளை டாக்டர் கூப்பிட்டு, நீ ஆட முடியாது என்று சொல்லிவிட்டார். ஏழாம் தேதி ஆலனுக்கே திரும்பிவிட்டான். வெளியே சொன்னது 'மேலுடம்பில் காயம்' என்று ஒரே வரி. ஹாக்கியில் அப்படித்தான் சொல்வார்கள். எந்த இடம் என்று தெரிந்தால் எதிராளி அங்கேயே இடிப்பான்.

ஜனவரி பதினொன்றாம் தேதி மேட்சில் அவன் தலை கண்ணாடித் தடுப்பில் மோதியதை அரங்கமே பார்த்தது. பதிமூன்றாம் தேதி தேர்வு வைத்தார்கள், தேறிவிட்டான், திரும்ப ஆடினான். அதற்குப் பிறகும் தலை சரியாகவில்லை என்பது மூன்றே பேருக்குத் தெரியும். அவன், நான், நீ. அவன் சொல்லமாட்டான். நான் சொல்லவில்லை. மிச்சம் யார் என்று கண்டுபிடிக்க இன்ஜினீயர் தேவையில்லை. போதாக்குறைக்கு உன் மகள் டாக்டர்.

பதிலை என் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்பு.

பாலசுப்ரமணியன்


ஆலன், டெக்சஸ்
பிப்ரவரி 16

அண்ணா,

டேகேரில் பதினாலு குழந்தைகளுக்கு மூக்கு துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், தபால் பெட்டியில் உன் சீர்வரிசை. ஐந்து வருஷம் உன் பிள்ளைக்குச் சோறு போட்டவளை 'சௌக்கியமா' என்று ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவாய்?

நான் யாரிடமும் சொல்லவில்லை. ரக்ஷாவிடமும் சொல்லவில்லை. அவள் தயிர்சாதமும் உருளைக்கிழங்கு ரோஸ்ட்டும் கொண்டுபோனாள், கொடுத்தாள், வந்தாள். அவளுக்குத் தெரிந்திருந்தால் அவன் காதைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கே இழுத்துக்கொண்டு போயிருப்பாள். அதனால்தான் சொல்லவில்லை.

நான் பார்த்ததை உனக்கு எழுதிவிடுகிறேன். அன்றைக்குப் போனில் சொன்னபோது நீ பாதிக்கு மேல் கேட்கவில்லை. மோதின மறுநாள் காலையிலிருந்து மாடி அறையில் திரைச்சீலை திறக்கவில்லை. சாப்பாட்டு மேஜைக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தான். "அத்தை, ப்ளீஸ், லைட்டை ஆஃப் பண்ணுங்க" என்றான். பால் கேனை எடுத்துக்கொண்டுபோய்ச் செருப்பு அலமாரியில் வைத்துவிட்டு, ஃப்ரிட்ஜைத் திறந்து பால் எங்கே என்று தேடினான். நான் பயந்துபோய் உன்னைக் கூப்பிட்டேன். நீ சொன்னது நினைவிருக்கிறதா? "ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்தா சரியாப் போயிடும். நீ யார்கிட்டயும் வாயத் திறக்காத." நானும் திறக்கவில்லை. மூன்று வாரம் அவன் அந்தத் தலையோடு போய் மற்றவர்கள்மேல் மோதிவிட்டு வந்தான், நான் அவன் சட்டையைத் துவைத்துப் போட்டேன்.

நான் செய்யாத ஒன்றுக்காக நீ என்னைத் திட்டுகிறாய் அண்ணா. அதைச் செய்யவில்லையே என்றுதான் நான் என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். ஜனவரி பதிமூன்றாம் தேதி அந்தத் தேர்வுக்கு நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். வெயில் கண்ணில் பட்டால் வலிக்கிறது என்று முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தான். அன்றைக்குத் திங்கள்கிழமை என்பதே அவனுக்குத் தெரியவில்லை. ஒரு மணி நேரத்தில் வெளியே வந்து "பாஸ் அத்தை" என்றான். கார் கிளம்புவதற்குள் உன் போன் வந்தது. ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது. 'எப்படி இருக்கே' என்று நீ கேட்கவில்லை. "எவ்வளவு?" என்று கேட்டாய். "செவன்ட்டி எய்ட்" என்றான். "கரெக்ட்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

அந்தத் தலையை வைத்துக்கொண்டு அவன் எப்படித் தேறினான்? எது கரெக்ட்?

விசாலம்


வெஸ்ட் வின்ட்சர்
பிப்ரவரி 22

விசாலம்,

நான் ஒரு கேள்வி கேட்டால் நீ திரும்பி என்னைக் குறுக்கு விசாரணை செய்கிறாய். சின்ன வயசிலிருந்தே உனக்கு இது வழக்கம்.

உன் கவரின் ஓரம் பிரித்து மறுபடி ஒட்டியது போல இருந்தது. உன் வீட்டுக்காரர் ஸ்ரீநிவாஸ் படித்தாரா? அவரிடமும் சொல்லியாகிவிட்டதா?

'கரெக்ட்' என்றதில் ஒரு மர்மமும் இல்லை. ஒவ்வொரு செப்டம்பரும் சீசன் துவங்குமுன் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் கம்ப்யூட்டரில் ஒரு ஞாபகசக்தித் தேர்வு வைப்பார்கள். சில வார்த்தைகளைக் காட்டிவிட்டு, பிறகு ஒவ்வொரு வார்த்தையாகக் காட்டி 'இது அதில் இருந்ததா, இல்லையா' என்று கேட்பார்கள். தலையில் அடிபட்டால் அதே மாதிரித் தேர்வைத் திரும்ப வைத்து, பழைய மார்க்கோடு ஒப்பிடுவார்கள். ரொம்பக் குறைந்திருந்தால் உட்காரவைப்பார்கள். செப்டம்பரில் அவனுக்கு எண்பது. ஜனவரியில் எழுபத்தெட்டு. இரண்டும் ஏறக்குறைய ஒன்று. அதனால் கரெக்ட் என்றேன். துண்டைப் போட்டுக்கொண்டு வந்தான், கிழமை தெரியவில்லை என்றெல்லாம் நீ கதை கட்ட வேண்டாம். யாருக்குத்தான் கிழமை ஞாபகம் இருக்கிறது?

ரக்ஷா விஷயம் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்கிறாய். எனக்கு அந்தக் காக்கையைத் தெரியும். ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் தெரிந்துவைத்திருப்பார்கள். அவள் யாரிடம் வாயை விட்டாளோ, கேட்டு எழுது.

நடந்தது நடந்தது. இனிமேல் நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். ஜெர்மனியில் ஒரு அணி அவனை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது என்று அவன் ஏஜென்ட் சொல்கிறார். பே ஏரியா டாக்டர் இன்னும் கடைசி அறிக்கை எழுதவில்லை. 'ஆடக் கூடாது' என்று அவர் தீர்மானமாக எழுதாதவரை அங்கே போகலாம். இருபத்தாறு வயசில் இன்னொரு கதவு திறப்பதே அதிசயம். அவன் பாஸ்போர்ட் உன் வீட்டில்தான் இருக்கிறது. அதைத் தேடி எடுத்துவை. வாயை மட்டும் மூடிக்கொண்டிரு. நான் உன்னிடம் கேட்பது அவ்வளவுதான்.

அண்ணா


ஆலன்
மார்ச் 1

அண்ணா,

கவரில் பசை சரியில்லை, டேப் ஒட்டினேன். நாலு பக்கம் தமிழ்க் கையெழுத்தைப் படிக்கிற பொறுமை ஸ்ரீநிவாஸுக்கு இருந்தால் நான் ஏன் கவலைப்படுகிறேன்? உன் சந்தேகத்துக்கும் ஒரு டேப் இருந்தால் சொல், ஒட்டிவிடலாம்.

பாஸ்போர்ட்டைத் தேடச் சொன்னாய். தேடினேன். முகுந்துக்கு வெளிச்சம் ஒத்துக்கொள்ளவில்லை, "நீங்களே பாத்துக்கோங்க அத்தை, டிராயர்லதான் இருக்கும்" என்றான். பாஸ்போர்ட் உறைக்குள் மஞ்சள் காகிதம் ஒன்று நாலாக மடித்து இருந்தது. உன் கையெழுத்து. இங்கே அணியில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது என்று தமிழில் எழுதியிருக்கிறாய். ஆறு வருஷம் அழுதுகொண்டே சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போனதற்குப் பிள்ளைக்கு நல்ல உபயோகம்.

நீ எழுதியதையே திருப்பி எழுதுகிறேன், மறந்திருந்தால் படித்துக்கொள். "முதல் நாலு கேள்விக்குச் சரியாகச் சொல். ஐந்தாவது தப்பு. பிறகு பத்து, பதினைந்து, இருபது, கடைசிவரை. மேஜைக்கு அடியில் விரலை மடித்து எண்ணிக்கொள். அவசரப்படாதே. எண்பதுக்குக் கீழே போனால் கம்ப்யூட்டர் சந்தேகப்படும்."

செப்டம்பரில் வேண்டுமென்றே மார்க்கைக் குறைத்து வைத்தால், பின்னால் அடிபட்டு நிஜமாகவே குறைந்தாலும் வித்தியாசம் தெரியாது. அதற்குத்தானே? கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கிவிட்டு, நாலு மார்க் போச்சே என்று ரெண்டு நாள் சாப்பிடாமல் படுத்திருந்தவன் நீ. அந்த மனுஷன் பெற்ற பிள்ளைக்கு, கம்மியாக மார்க் வாங்குவது எப்படி என்று டியூஷன் எடுத்திருக்கிறாய்!

காகிதத்தைக் கொண்டுபோய் முகுந்த் முன்னால் வைத்தேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னான். பே ஏரியாவில் புது ஆளை எடுக்குமுன் மூளை டாக்டர் பழைய தாள்களைக் கேள்வி கேள்வியாகப் பார்ப்பாராம். செப்டம்பர் தாளையும் ஜனவரி தாளையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினாராம். செப்டம்பரில் தப்பெல்லாம் வேலிக்கம்பு நட்டது போல ஒரே இடைவெளியில். ஜனவரியில் கண்ட இடத்தில் சிதறிக் கிடந்ததாம். "செப்டம்பர்ல தப்பு பண்ணவன் புத்திசாலி. ஜனவரில தப்பு பண்ணவன் அடிபட்டவன். ரெண்டும் நீயா?" என்று கேட்டாராம்.

யார் சொன்னது, யார் சொன்னது என்று என்னையும் என் பெண்ணையும் கூண்டில் ஏற்றினாயே. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொல்லிக்கொடுத்தவன் நீதான். வேறு எவனாக இருந்தாலும் அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று தப்பு பண்ணச் சொல்லியிருப்பான். உனக்குத் தப்பைக்கூட ஒழுங்காகத்தான் பண்ணத் தெரியும்.

ரக்ஷாவிடம் நீ மன்னிப்புக் கேட்க வேண்டும். என்னிடம் கேட்காவிட்டாலும் பரவாயில்லை.

விசாலம்


வெஸ்ட் வின்ட்சர்
மார்ச் 7

விசாலம்,

மறுக்கப் போவதில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஏன் செய்தேன் என்று சொல்கிறேன். நியாயம் கேட்டு இல்லை. அவனுடைய இரண்டாவது சீசனில், பக்கத்து லாக்கர்ப் பையன் ஒருவனுக்கு லேசாக அடி. ஒன்றும் செய்யவில்லை, நன்றாகத்தான் இருந்தான். தேர்வில் கொஞ்சம் குறைந்துவிட்டது. ஐந்து வாரம் உட்காரவைத்தார்கள். அவன் இடத்துக்கு வேறொருவன் வந்தான், அடிபட்டவன் திரும்பி வரவே இல்லை. இப்போது எங்கோ கார் விற்கிறான். அதைக் கேட்டு எனக்குத் தூக்கம் போய்விட்டது. பாலம் கட்டுகிறவன், தாங்க வேண்டிய எடைக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டுத்தான் கட்டுவான். நானும் அப்படி ஒரு இடம் விடுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த இடத்தை அவன் மண்டைக்குள் விடுகிறேன் என்று அப்போது உறைக்கவில்லை.

வெட்கத்தை விட்டு இன்னொன்றும் சொல்கிறேன். அவன் சட்டையின் முதுகில் என் பெயர் இருக்கிறது. இங்கிலீஷில் பதினைந்து எழுத்து. ஒரு தோளில் துவங்கி இன்னொரு தோளில் முடிகிறது. இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருஷமாக என் பெயரை எவனும் முழுசாகச் சொன்னதில்லை, 'பாலா' என்று வெட்டிவிடுவான்கள். ஆலனில் ஒரு நாள் அவன் கோல் போட்டதும் அறிவிப்பாளர் அதை முழுசாகச் சொன்னார். அரங்கமே திருப்பிச் சொன்னது. உச்சிப்படி லீகில் அதை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவன் ஆசை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முந்தாநாள் பே ஏரியா டாக்டரே என் போனுக்குக் கூப்பிட்டார். ஏமாற்றினாயா என்று கேட்கவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். பிப்ரவரியில் அவர் வைத்த புதுத் தேர்வில் முகுந்துக்கு எழுபத்துநாலு. செப்டம்பர் தாள் பொய் என்பதால் அதை வைத்து ஒப்பிட முடியாது. அவனுடைய இயல்பான மார்க்கே அந்த அளவில்தானோ என்னவோ தனக்குத் தெரியாது, உண்மையான பழைய தாள் இல்லாவிட்டால் 'முடிவு சொல்ல இயலவில்லை' என்றுதான் எழுத வேண்டியிருக்கும் என்றார். கல்லூரியில் சேர்ந்தபோது இதே தேர்வை எழுதினானாம், ஆனால் கல்லூரி ஏழு வருஷத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை, அழித்துவிட்டார்கள். வீட்டில் பிரதி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

இருக்கிறது, விசாலம். பதினெட்டு வயசில் எழுதியது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. அந்தக் கல்லூரி அணியிலேயே முதல் மார்க். பெருமையில் பிரதி வாங்கி லாமினேட் செய்து வைத்திருக்கிறேன். உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சம்.

அதைக் கொடுத்தால் தொண்ணூற்றெட்டு எழுபத்துநாலாகிவிட்டது என்று ஆகிவிடும். அதோடு அவன் ஹாக்கி முடிந்தது. கொடுக்காவிட்டால் 'முடிவு சொல்ல இயலவில்லை', ஜெர்மனி. 'தேடிப் பார்க்கிறேன்' என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அந்தத் தாள் இப்போது என் ஆபீஸ் பையில்தான் இருக்கிறது. என் மேஜையிலிருந்து காகிதம் கிழிக்கும் ஷ்ரெட்டர் ஆறு அடி.

என் நம்பர் அவருக்கு எப்படிக் கிடைத்தது? நீ கொடுத்தாயா?

அண்ணா


ஆலன்
மார்ச் 12

அண்ணா,

ஆமாம். நம்பர் கொடுத்தது நான்தான். இவ்வளவு நாள் பொய்யாகக் குற்றம் சாட்டினாய், இந்த ஒன்றாவது உண்மையாக இருக்கட்டும்.

எப்படிக் கொடுத்தேன் என்பதையும் கேள். டாக்டர் வீடியோவில் வந்தபோது முகுந்த் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். பழைய தாள் யாரிடமாவது இருக்குமா என்று கேட்டார். 'நோ ஐடியா' என்றான் இவன். எனக்கு வாய் நிற்கவில்லை. "இவங்க அப்பா ஒரு பேப்பரையும் தூக்கிப் போட மாட்டார். கேட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். நம்பரைக் கொடுக்கலாமா என்று முகுந்தைப் பார்த்தேன். அவன் கொஞ்சம்கூடப் பதறவில்லை. "கொடுங்க அத்தை. அப்பா வில் ஹேண்டில் இட்" என்றான்.

நீ சமாளித்துவிடுவாய் என்று உன் பிள்ளைக்கு அவ்வளவு நம்பிக்கை.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் நடந்ததை எழுதுகிறேன். எழுதாமல் இருந்துவிடலாம் என்று எட்டு நாள் பார்த்தேன். அவன் கார் ஓட்டக் கூடாது. நான் டேகேரில் இருந்த நேரம், ஸ்கேட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று ஸ்ரீநிவாஸ் காரை எடுத்துக்கொண்டு ஐஸ் ஹாக்கி ஆடும் ரிங்குக்குப் போயிருக்கிறான். வீட்டிலிருந்து எட்டு நிமிஷம். ரெண்டே திருப்பம். ரெண்டு மணி நேரம் கழித்து என் போன் அடித்தது. "அத்தை, நான் எங்க இருக்கேன்னு தெரியல" என்றான். "என்னடா தெரியறது உனக்கு?" என்று கேட்டேன். "பெரிய பார்க்கிங் லாட். நிறைய ஷாப்பிங் கார்ட்ஸ்." போனில் அவன் இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டு போனேன். அது நம் இந்தியன் ஸ்டோர் அண்ணா. ஐந்து வருஷமாக வாராவாரம் எனக்கு அரிசி மூட்டை தூக்கிக் கொடுக்கிற கடை. பெயர்ப் பலகைக்கு நேர் எதிரே காரை நிறுத்திக்கொண்டு, ஸ்கேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆறடிப் பையன். முகமெல்லாம் வியர்வை.

வீட்டுக்கு வரும் வழியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "அத்தை, அப்பாகிட்ட சொல்லாதீங்க."

டீமிடம் சொல்லாதீர்கள் என்று கேட்கவில்லை. டாக்டரிடம் சொல்லாதீர்கள் என்றும் கேட்கவில்லை. உன்னிடம்தான் சொல்லக் கூடாதாம். சரி என்று தலையாட்டினேன். ஜனவரியில் உனக்குத் தலையாட்டினேன், மார்ச்சில் அவனுக்கு. இந்தத் தலையாட்டல் போதும் எனக்கு. இதோ, சொல்லிவிட்டேன். என்னைக் கோள்சொல்லி என்று வைத்துக்கொள்.

ஷ்ரெட்டர் ஆறு அடியில் இருக்கிறது என்று எனக்கு ஏன் எழுதுகிறாய்? வேண்டாம் என்று நான் சொல்ல வேண்டும், அப்புறம் விசாலம்தான் கெடுத்தாள் என்று ஆயுசுக்கும் நீ சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அந்தச் சௌகரியத்தை நான் உனக்குத் தரமாட்டேன். அவன் அப்பா நீ. நீயே முடிவு செய். மன்னியிடமாவது இனி உண்மையைச் சொல். பெற்றவள் தோளுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

விசாலம்


வெஸ்ட் வின்ட்சர்
மார்ச் 18

அன்புள்ள விசாலத்துக்கு,

சனிக்கிழமை உன் கடிதத்தை சாரதாவிடம் கொடுத்தேன். என் வாயால் சொல்ல வரவில்லை. மேஜையில் உட்கார்ந்து, அந்த இந்தியன் ஸ்டோர் வரை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினாள். "தோள்னு சொன்னேளே" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் ரெண்டு நாள் தட்டு மட்டும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தாளை ஸ்கேன் செய்து டாக்டருக்கு அனுப்பினேன். செப்டம்பர் மார்க்கைக் குறைக்கச் சொன்னது நான் என்று கூடவே எழுதினேன். நீ கண்டெடுத்த மஞ்சள் காகிதத்தில் இருந்ததையும் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன், பையன் மேல் பழி வரக் கூடாது என்று. நேற்று பதில் வந்தது. அவன் இனி ஆடக் கூடாது என்று எழுதப் போகிறார். ஆனால் இப்போதே நிறுத்தினால் நிறையத் திரும்ப வரும் என்றும், வருஷக்கணக்கில் பொறுமை வேண்டும் என்றும் சொல்கிறார். அந்த 'நிறைய' எவ்வளவு என்று கேட்டு எழுதினேன். சொல்ல முடியாதாம்.

ரக்ஷாவிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மாமா" என்றாள். அவள் நிஜமாகவே மன்னித்தாளா, மரியாதைக்குச் சொன்னாளா என்று எனக்கு இன்னும் சந்தேகம். என் புத்தி அப்படி. உன்னிடமும் கேட்க வேண்டும். நேரில் கேட்கிறேன். நானும் சாரதாவும் வெள்ளிக்கிழமை டாலஸ் வருகிறோம். ஏர்போர்ட்டுக்கு நீ வர வேண்டாம், டாக்ஸியில் வந்துவிடுகிறோம்.

டாக்டர் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று நேற்று சாயங்காலம் முகுந்தைக் கூப்பிட்டேன். அத்தை சொல்லவில்லை, ரக்ஷா சொல்லவில்லை, நான்தான் கொடுத்தேன் என்று சொன்னேன். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டான். "நான்தான்டா" என்றேன். போனை வைத்துவிட்டான்.

அரை மணி கழித்து அவனே கூப்பிட்டான். என்ன அனுப்பினீர்கள், எனக்கும் அனுப்புங்கள் என்றான். அனுப்பினேன். படிக்க அவனுக்கு நேரம் ஆனது. எழுத்தெல்லாம் ஆடுகிறது என்றான். ஒவ்வொரு வரியாகப் படித்தான், எனக்கு அவன் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டே இருந்தது. நைன்ட்டி எய்ட் என்று ரெண்டு தடவை சொன்னான். ஏமாற்றிவிட்டீர்கள் என்று சொல்வான், இல்லை ஜெர்மனி போச்சே என்று அழுவான், எதற்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

"அப்பா, இது நிஜமாவே நானா?" என்று கேட்டான்.

ஆமாம் நீதான் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை. எனக்கு வரவில்லை, விசாலம். அவன் மறுபடியும் கேட்டான். சாரதா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

அண்ணா